வள்ளுவர் சிலை முதல் நம் கார் நிறுத்தம் வரை: தண்ணீரால் கழுவிய கதை

ஆனி ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் வாய்த்த மாவட்டம் நம்முடையது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் கண் வைக்கும் இந்தப் பச்சைக்கு நாம் கொடுக்கும் விலை பாசி. மொட்டைமாடி ஓட்டில், சுற்றுச்சுவரில், கார் நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவில், பின்பக்கப் படிக்கட்டில் என்று எங்கும் படர்கிறது. வயதானவர்கள் நடக்கும் இடத்தில் பாசி என்பது வெறும் அழுக்கு விஷயம் இல்லை, இடுப்பெலும்பு விஷயம்.

அதனால்தான் பொதுவில் ஒரு பிரஷர் வாஷர் வாங்கலாமா என்ற பேச்சு இப்போது எழுந்திருக்கிறது. வரும் செயற்குழுவில் அது பற்றிப் பேச இருக்கிறோம். நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன: “எத்தனை பார் வாங்கலாம்? 120 போதுமா, 200 வேணுமா?” எண் கூடக் கூடக் கருவி நல்லது என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அது சரிதானா என்று பார்க்க, தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். கதை அமெரிக்காவில் தொடங்கினாலும், அதன் முக்கியமான பாடம் நம் கன்னியாகுமரிக் கடலில்தான் நிற்கிறது.

கதம்பையும் வாரியலும்

இயந்திரங்கள் வருவதற்கு முன்பு நாஞ்சில் நாட்டு வீடுகளில் கழுவும் கருவிகள் எல்லாம் தென்னையிலிருந்துதான் வந்தன. பாத்திரம் தேய்க்கக் கதம்பையும் சாம்பலும், முற்றம் கழுவ ஈர்க்குச்சி வாரியல். மழைக்காலம் முடிந்ததும் கிணற்றடியில் படிந்த பாசியின் மேல் சுண்ணாம்பு தூவி ஊறவிட்டு, மறுநாள் தேய்த்து எடுப்பார்கள். இதில் விசை குறைவு, நேரம் அதிகம். ஊறுவதற்கு நேரம் கொடுத்தால் அழுக்கு தானாகவே பிடியை விடும் என்பதுதான் அந்த முறையின் அடிப்படை.

எந்தத் தரையை எப்படிக் கழுவ வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்துப் பளபளக்கும் தரையை நம்மில் பலர் பார்த்திருப்போம். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிகளின் சாறு ஆகியவற்றைக் கலந்து போட்ட தரை அது. இன்றும் முகம் தெரிகிறதென்றால், யாரும் அதன் மேல் முரட்டு வேலை செய்யவில்லை என்பதும் ஒரு காரணம். அந்தத் தரையின் மீது ஒரு பிரஷர் வாஷரை ஐந்து நிமிடம் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலையைக் கரைத்த தண்ணீர்

தண்ணீரை ஒரு குறுகிய வாய் வழியே வேகமாகப் பீய்ச்சும் வேலையை மனிதர்கள் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது கழுவுவதற்காக அல்ல, தோண்டுவதற்காக. 1853-இல் கலிபோர்னியாவின் தங்க வயல்களில் எட்வர்ட் மாட்டிசன் என்பவர் கித்தான் குழாயின் முனையில் ஒரு நாசிலைப் பொருத்தி, தங்கம் கலந்த மண்மேட்டின் மீது தண்ணீரைப் பாய்ச்சினார். மண் கரைந்து ஓடியது. ஆட்கள் பல நாள் மண்வெட்டியால் செய்த வேலையைத் தண்ணீர் சீக்கிரமே முடித்தது. பிறகு நாசில்கள் இரும்பில் வந்தன, பீரங்கி அளவுக்குப் பெருத்தன. முழு மலைச்சரிவுகளே கரைந்தன.

அங்கே மோட்டார் எதுவும் கிடையாது. உயரமான மலைகளில் தண்ணீரைத் தேக்கி, கால்வாயிலும் குழாயிலும் கீழே இறக்கினார்கள். உயரம்தான் அழுத்தம் கொடுத்தது.

கரைந்த மண் எங்கே போகும்? ஆறுகளுக்குள் போனது. ஆற்றுப்படுகை உயர்ந்து, மழைக்காலத்தில் வெள்ளம் கரை மீறி, கீழே இருந்த விளைநிலங்களையும் ஊர்களையும் சேறு மூடியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 1884-இல் நீதிபதி லாரன்சோ சாயர், சுரங்கக் கழிவை ஆறுகளில் விடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு அந்தத் தொழில் பெருமளவு அடங்கியது. சுற்றுச்சூழல் பற்றிய ஆரம்பகாலத் தீர்ப்புகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

நாம் கையில் பிடிக்கப் போகும் கருவிக்கு இதுதான் பாட்டன். கழுவும் கருவி என்று அதற்கு இப்போது பெயர் இருந்தாலும், வெட்டும் குணம் அதன் இரத்தத்திலேயே இருக்கிறது.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு

வெட்டும் தண்ணீரைக் கழுவும் தண்ணீராக மாற்றியது தொழிற்சாலைகளின் தேவை. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃப்ராங்க் ஆஃபெல்ட் என்பவர் கிரீஸ் படிந்த இயந்திரங்களையும் தரையையும் நீராவியால் கழுவும் கருவியைச் செய்தார். ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் கார்ஷர் 1935-இல் தொடங்கிய நிறுவனம் 1950-இல் சுடுநீரை உயர் அழுத்தத்தில் பாய்ச்சும் கருவியைக் கொண்டுவந்தது. 1959-இல் அவர் இறந்த பிறகு, மனைவி ஐரீன் கார்ஷர் நிறுவனத்தை ஏற்று நடத்தினார். 1984-இல் அதே நிறுவனம், வீட்டுக்காரர்கள் தாங்களே தூக்கிச் செல்லக்கூடிய சிறிய கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுப் பிரஷர் வாஷரின் காலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் ஊரில் பெரும்பாலோர் இந்தத் தண்ணீர் வேகத்தை முதலில் பார்த்தது வேறிடத்தில். மேடை மீது வண்டியை ஏற்றி, அடியில் நின்று கன்னால் சேற்றை அடித்து எடுக்கும் வாட்டர் சர்வீஸ் நிலையங்களில். அங்கே கழுவுவது இரும்பை. தகடும் அச்சும் அந்த அடியைத் தாங்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எல்லாவற்றையும் அப்படியே அடித்துக் கழுவலாம் என்று தோன்றியது. அந்த எண்ணம் கல்லின் பக்கம் திரும்பியபோதுதான் சிக்கல் வந்தது.

கல் தோல் இழந்த கதை

தமிழ்நாட்டுக் கோவில்களில் திருப்பணி நடக்கும்போது, தூண்களிலும் சுவர்களிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் எடுக்க ஒரு காலத்தில் மணல் வீச்சு முறையைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். காற்றழுத்தத்தில் மணலைப் பாய்ச்சினால் கல் புதிதுபோல வெளுத்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அழுக்கோடு சேர்ந்து கல்லின் மேல்தோலும் போனது. சிற்பங்களின் மூக்கும் நகமும் மழுங்கின. கல்வெட்டு எழுத்துகள் ஆழம் குறைந்து படிக்க முடியாமல் போயின. வேலை செய்தவர்களின் நுரையீரலுக்குள் கல்தூசு போனது. கல்வெட்டு ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, அறநிலையத்துறை இந்த முறைக்குத் தடை போட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோல் போன கல் சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பான பரப்பில் தூசும் ஈரமும் முன்பைவிட எளிதாகத் தங்கும். அதாவது, கடுமையாகக் கழுவிய கல் சீக்கிரமே மறுபடி அழுக்காகும்.

இது நம் குடியிருப்புக்கு நேரடியாகப் பொருந்தும். சிமெண்ட் தளத்துக்கும் இன்டர்லாக் கல்லுக்கும் மேலே மெல்லிய, வழவழப்பான ஒரு சிமெண்ட் தோல் உண்டு. மிகுந்த அழுத்தத்தில், மிக அருகில் பிடித்து அடித்தால் அந்தத் தோல் உரிந்து உள்ளே இருக்கும் மணலும் ஜல்லியும் தெரியும். அன்றைக்குத் தரை பளிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்குப் பாசி அந்தக் குழிகளில் வேர்பிடித்து முன்பைவிட அடர்த்தியாக வரும். பாசியை ஒழிக்க வாங்கிய கருவி பாசிக்கு வயல் உழுது கொடுத்த கதையாகிவிடும்.

வள்ளுவரைக் கழுவும் முறை

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். வி. கணபதி ஸ்தபதி வடிவமைத்த திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. முழுக்கக் கருங்கல். சுற்றிலும் உப்புக்காற்று. அலை சிதறும் உப்புநீர் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து படிகமாகும். அந்தப் படிகம் வளரும்போது கல்லை உள்ளிருந்து பிளக்கப் பார்க்கும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, சிலையைப் பராமரிக்கிறார்கள். 2022 ஜூன் மாதம் தொடங்கிய பணி மாதக்கணக்கில் நடந்து, 2023 மார்ச்சில்தான் மக்கள் மறுபடி சிலைக்குப் போக முடிந்தது.

அவ்வளவு நாள் என்ன செய்தார்கள்? முதலில் நல்ல தண்ணீரால் மேலே படிந்த உப்பைக் கழுவினார்கள். கற்களின் இணைப்புகளில் பெயர்ந்த இடங்களைச் சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய் சேர்த்த கலவையால் அடைத்தார்கள். பிறகு காகிதக் கூழைச் சிலை மீது அப்பினார்கள். ஈரக் காகிதம் காயும்போது, கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். அதை உரித்தெடுத்துக் கழுவிய பிறகு, நீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் பாலி சிலிக்கான் பூச்சைப் பூசினார்கள்.

இந்த வரிசையைப் பாருங்கள். உள்ளே போன உப்பை அடித்து எடுக்க முடியாது, ஊறவைத்து வரவழைக்க வேண்டும். நம் பாட்டிமார் சுண்ணாம்பு தூவிக் காத்திருந்ததும் இதே அறிவுதான். உலகத்தின் மறுகோடியிலும் இதையே செய்தார்கள். அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் செதுக்கிய நான்கு அதிபர்களின் முகங்களை 2005-இல் கழுவியபோது, ரசாயனம் சேர்க்காமல் சுடுநீரைப் பயன்படுத்திப் பாசியையும் கற்பாசியையும் எடுத்தார்கள். வேலையைச் செய்தது மேலே சொன்ன கார்ஷர் நிறுவனம். அங்கே சூடு செய்ததை இங்கே காகிதக் கூழும் காத்திருப்பும் செய்தன. எந்த இடத்திலும் அழுத்தத்தை மட்டும் நம்பவில்லை.

தோண்டுவதற்குப் பிறந்த தண்ணீர் வேகம், கழுவும் வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டது அடக்கத்தைத்தான். கருவி தேர்ந்தெடுக்கும் நமக்கும் அதுவே அளவுகோல்.

மகேந்திரகிரியில் ஒரு தொட்டி

“எத்தனை பார்?” என்ற கேள்விக்கு இப்போது வருவோம். 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால் கீழே கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். நம் மேல்நிலைத் தொட்டி 15 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரைத்தளக் குழாயில் ஒன்றரை பார். வள்ளுவர் சிலையின் உச்சியில் ஒரு தொட்டி வைத்தால் அடியில் 4 பார். நம் எல்லையில் நிற்கும் மகேந்திரகிரியின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர். அங்கே ஒரு தொட்டி வைத்துக் கடற்கரை வரை குழாய் இறக்கினால் சுமார் 160 பார் கிடைக்கும். பெட்டியில் 160 பார் என்று போட்ட சிறிய கருவி, அந்த மலையை நம் கையில் கொடுக்கிறது என்று பொருள். நமக்கு அவ்வளவு தேவையா என்று யோசிக்கலாம்.

பெட்டியில் போட்ட எண்ணை நம்பலாமா என்று சோதிக்க ஒரு கணக்கு உண்டு. பாரையும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பெருக்குங்கள். வந்த விடையோடு அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட்டுங்கள். அந்த வேலைக்குக் குறைந்தபட்சம் தேவையான வாட் அதுதான். 100 பார், நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் 600, அதோடு 400, ஆக 1,000 வாட். மோட்டாரிலும் பம்பிலும் கொஞ்சம் வீணாகும் என்பதால் 1,400 வாட் மோட்டார் அதற்குப் பொருத்தம். ஆனால் 1,500 வாட் மோட்டாரை வைத்துக்கொண்டு “200 பார், 8 லிட்டர்” என்று ஒரு பெட்டி சொன்னால், கணக்குப்படி 2,600 வாட்டுக்கு மேல் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. பெட்டியில் பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் உச்ச அழுத்தம். வேலை செய்யும்போது கிடைக்கும் அழுத்தம் அதைவிடக் குறைவு. வாங்கும்போது அந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.

நமக்கு எது?

கார், பால்கனி, கொசுவலை, ஜன்னல் கம்பி என்று வீட்டளவு வேலைக்கு 90 முதல் 110 பார் வரை வேலை அழுத்தம் தாராளம். பொதுச் சரிவு, படிக்கட்டு, சுற்றுச்சுவர் என்று சேர்த்துப் பார்த்தால் 120 முதல் 130 பார் போதும். அதற்கு மேல் தேட வேண்டியது அழுத்தத்தை அல்ல. தேட வேண்டியவை இவை:

மோட்டார்: விலை குறைந்த கருவிகளில் கார்பன் பிரஷ் மோட்டார் இருக்கும். சத்தம் அதிகம், தொடர்ந்து ஓட்டினால் சீக்கிரம் சூடாகும். இண்டக்‌ஷன் மோட்டார் கனமும் விலையும் கூடுதல், ஆனால் நீண்ட நேரம் தாங்கும். ஒரு வீட்டுக்கு முதலாவது போதும். பல வீடுகள் பங்கிடும் கருவிக்கு இரண்டாவதுதான் சரி.

நாசில்: விசிறிபோல விரியும் நாசில் கட்டாயம் வேண்டும். கோணம் விரிய விரிய அடி மென்மையாகும். 40 டிகிரி காருக்கு, 25 டிகிரி தரைக்கு. ஒற்றைக் கோடாகப் பாயும் 0 டிகிரி நாசிலைப் பூட்டி வைத்துவிடலாம். கலிபோர்னியா மலையைக் கரைத்தது அந்த வகைதான்.

தண்ணீர் வழி: மேல்நிலைத் தொட்டிக் குழாயில் வேகம் குறைவாக இருக்கும் நாட்களில், வாளியிலிருந்து தானே உறிஞ்சும் வசதி உதவும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பு கெடும். போர் தண்ணீரில் மணலோ உப்போ இருந்தால் வடிகட்டி அவசியம், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரை ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும்.

குழாயின் நீளம், விசையை விட்டதும் மோட்டார் தானாக நிற்கும் வசதி, நாகர்கோவிலிலேயே பழுது பார்க்க ஆள், உதிரிப்பாகம் கிடைப்பது ஆகியவற்றையும் 20 பார் கூடுதல் அழுத்தத்துக்கு முன்னால் வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 360 லிட்டர். திறந்துவிட்ட ஹோஸ் பைப்பைவிடக் குறைவுதான். ஆனால் காரை வாளியும் துணியும் கொண்டு கழுவினால் மூன்று வாளியில் முடிந்துவிடும். முக்கடல் அணையின் நீர்மட்டம் இறங்கும் கோடை மாதங்களில் காருக்கு வாளியே உத்தமம். கருவியைப் பாசிக்கு வைத்துக்கொள்வோம்.

எங்கே கூடாது, யார் பிடிப்பது

மொட்டைமாடித் தட்டு ஓடுகளின் இடையில் பூசிய பாயின்டிங், பழைய சுண்ணாம்புப் பூச்சு, சிவப்புத் தரை, ஏசியின் அலுமினியத் தகடுகள், லிஃப்ட் அறை, மின்பெட்டி ஆகியவற்றின் பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம். இன்டர்லாக் கல்லில் ஓட்டினால் இடுக்கு மணல் வெளியேறும், முடிந்ததும் மறுபடி மணல் நிரப்ப வேண்டும்.

முறை எளிது. முதல் நாள் மாலை பாசியை நனைத்து, கழுவும் திரவம் தெளித்து, தூரிகையால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். பிறகு விசிறி நாசிலை ஓரடி தூரத்தில் பிடித்துத் தொடங்குங்கள். போகவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வாருங்கள். அழுத்தத்தைக் கூட்டுவது கடைசி வழி.

இறுதியாக ஒன்று. கருவியை நாம் வாங்கினாலும், அதைப் பெரும்பாலும் பிடிக்கப்போவது நம் துப்புரவுப் பணியாளர் அக்காதான். அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. ஈரத்தில் நின்று மின்கருவியைப் பிடிப்பதால் ஆர்.சி.சி.பி. உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது. ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, கையுறை ஆகியவை கருவியின் விலையோடு சேர்ந்தவை. கோவில் கல்லை வெளுக்க வைத்த காலத்தில், மணலைச் சுவாசித்தவர்களைப் பற்றி யாரும் கணக்கு எழுதவில்லை. நாம் அப்படி இருக்க வேண்டாம்.

எனவே செயற்குழுவுக்கு என் யோசனை: வீட்டுக்கு ஒன்று என்று பலர் தனித்தனியாக வாங்குவதற்குப் பதில், இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள 120–130 பார் கருவி ஒன்று, விசிறி நாசில்கள், நீளமான குழாய், பணியாளருக்கான பாதுகாப்புப் பொருட்கள் என்று ஒரே பட்டியலாக வாங்குவோம். முதல் வேலையாக, பின்பக்கப் படிக்கட்டையும் கார் நிறுத்தச் சரிவையும் அடுத்த சாரலுக்கு முன்பு கழுவி முடிப்போம்.